பைக் ஓட்டியிருக்கிறீர்களா?

ஒட்டாவாவில் கோடை வந்தால் சில பேருந்துகள் மூக்கில் சைக்கிளை மாட்டிக்கொண்டு ஓடும். நிறுத்தத்தில் நிற்பவர் பேருந்தின் முன்னாலுள்ள கம்பித் தாங்கியை இறக்கி, சைக்கிளைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து அமைதியாக உட்கார்ந்துகொள்வார். ஓட்டுநர் அதுவரை காத்திருப்பார். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இப்படி ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றால் ஓட்டுநர் என்ன சொல்வார் என்று நினைத்து, வந்த புதிதில் தனியாகச் சிரித்திருக்கிறேன். அதைவிடப் பழக நாளானது, சைக்கிளை இவர்கள் ‘பைக்’ என்பதுதான். நமக்கு பைக் என்றால் பெட்ரோல் போட்டு ஓட்டுவது. அந்த ஒரு சொல்லில் என் பிழைப்பே தடுமாறப் பார்த்தது.

ஊரில் ஆறு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இங்கே முதலில் கிடைத்தது முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை. குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், ஊசியைத் தொடக் கூடாது. ஒருநாள் நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. என்ன செய்ய வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். மணியை அழுத்திவிட்டு, நர்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நர்ஸாகப் பதிவு கிடைக்க ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். முதல் முறை மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்து, அரை மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தேன்.

இரண்டாம் முறை எதிரே உட்கார்ந்திருந்தவர் நரைத்த தாடிக்காரர். மேஜைமேல் ஒலிப்பதிவுக் கருவி. “சின்ன வயதில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா?” என்றார். பதற்றத்தில் நான் காஞ்சிபுரத்துக்காரியாகவே பதில் சொன்னேன்.

“இல்லை. குழந்தைகள் பைக் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும்.”

அவர் இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன. “ஏன்?”

“லைசென்ஸ் வேண்டும். பெட்ரோல் வண்டி, ஆபத்து...”

பெட்ரோல் என்றதும் அவர் புருவம் உயர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. “மன்னியுங்கள், எங்கள் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். நீங்கள் கேட்பது மிதிக்கும் சைக்கிளைத்தானே? அதை எனக்கும் ஓட்டத் தெரியும், என் அம்மாவுக்கும் தெரியும்” என்றேன். மனப்பாடம் செய்தது எதுவும் நினைவில் இல்லை. அம்மாதான் இருந்தாள்.

பதினோராம் வகுப்பில் எங்கள் அரசுப் பள்ளியில் எல்லோருக்கும் சைக்கிள் கொடுத்தார்கள். பாதிப் பெண்களுக்கு ஓட்டத் தெரியாததால் வீடுவரை தள்ளிக்கொண்டே போனோம். மூன்றே நாளில் நான் கற்றுக்கொண்டேன். நான்காம் நாள் அம்மா வந்து நின்றாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவளுக்குச் சத்துணவு சமைக்கும் வேலை. பேருந்தைத் தவறவிட்டால் பிள்ளைகளின் சோறு தாமதமாகும்.

“எனக்கும் கத்துக்குடு.”

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பினார். “இந்த வயசுல இன்னாத்துக்கு? உழுந்து வைக்கப்போற.”

“உழுந்தா எழுந்துக்கினு வரேன். நீ தறியப் பாரு.”

விடியற்காலையில் தெருவில் பழகினோம். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் சொல்லாமல் கையை எடுத்தேன். அம்மா தானாகவே போய்க்கொண்டிருந்தாள். சேலை முந்தானை இடுப்பில், முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஆனால் தெருவின் மறுகோடியில் அன்று சீக்கிரமே பாவு நீட்டியிருந்தார்கள். சேலைக்கான பட்டு இழைகளை ஆயிரக்கணக்கில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு மிதிக்கத் தெரிந்திருந்தது, பிரேக் பிடிக்கத் தெரியாது.

“நவுருங்க, நவுருங்க!” என்று அவள் கத்தியதும் ஆட்கள் விலகினார்கள். பாவு எங்கே விலகும்? கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பி, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாள். எல்லோரும் பாவை நோக்கி ஓடினார்கள். அப்பாவும் அங்கேதான் ஓடினார். இழைகளை விரலால் நீவிப் பார்த்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா சாக்கடையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: “பாவுக்கு ஒண்ணும் ஆவலியே?”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இவ்வளவையும் சொன்னேன். பாவுக்குச் சொல் கிடைக்காமல் இரண்டு கையையும் விரித்து, “தெரு நீளத்துக்குப் பட்டு” என்றேன். அதுவரை கேள்வித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காத மனிதர் நிமிர்ந்தார்.

“உங்கள் அம்மாவுக்கு அடிபட்டதா?”

அந்தக் கேள்வி தாளில் இருந்திருக்காது. “முழங்கையில் சிராய்ப்பு. மறுநாளே திரும்பவும் ஏறினார்” என்றேன். அவர் மீண்டும் தாளைப் பார்த்து, “நன்றி, அடுத்து வானிலை பற்றிப் பேசலாம்” என்றார்.

உங்களில் யாராவது இந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் நான் சொல்வது இதுதான்: ஒப்பிக்காதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். அந்த முறை நான் தேறினேன். தேர்வில் சொன்ன கதையோடு செய்தியையும் சொன்னதும் அம்மா போனில் சிரித்தாள்.

“நீ பாஸாவறதுக்கு நான் சாக்கடையில உழுந்திருக்கணுமா? ஊர் சிரிச்சது போதாதுன்னு கனடாவுலயும் சொல்லிக்கினு இருக்கியா? அந்த ஆளு சிரிச்சாரா?”

“இல்லம்மா. உனக்கு அடிபட்டுச்சான்னு கேட்டாரு.”

அம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

“அன்னிக்கு உங்கப்பாகூட அத்தக் கேக்கல” என்றாள். பிறகு உள்பக்கம் திரும்பி, “கேட்டுக்கினியா, யாரோ ஒருத்தர் கேட்டிருக்காரு” என்று சத்தமாகச் சொன்னாள். தறிச் சத்தம் நின்றது. “இப்ப கேக்கறேன், வலிக்குதா?” என்று அப்பாவின் குரல் கேட்டது. மூவரும் சிரித்தோம்.

பதிவு வந்து நர்ஸாகச் சேர்ந்த மாதம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை, அங்கே சாயங்காலம். வீடியோவில் அம்மா பார்க்க வேண்டும் என்றதால் போனை ஹேண்டிலில் பொருத்திக்கொண்டு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டினேன்.

“எடது பக்கமா போடி! எதிர்ல வண்டி வந்தா இன்னா பண்ணுவ?”

“இங்க வலது பக்கந்தாம்மா போவணும்.”

“யாரு சொன்னா? எடது பக்கம் போம்மா.”

தெருவில் யாருமில்லை. ஹேண்டிலைத் திருப்பி, அம்மா சொன்ன பக்கமாகவே கொஞ்ச தூரம் போனேன். முனையில் ஒரு கார் திரும்புவது தெரிந்ததும் இந்த ஊர்ப் பக்கத்துக்கு வந்தேன்.