சாமியை நிரூபிக்க உத்திரமேரூர் போனது

புத்தகத்தில் எழுதியிருப்பதை வைத்துக் கடவுள் உண்டென்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டீர்கள். நான் ஒரு தடவை முயற்சி செய்திருக்கிறேன். உங்கள் அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக.

எழுபதுகளில் நடந்தது. உங்கள் அம்மாவின் அப்பா எனக்கு மாமா முறை. என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். கறுப்புச் சட்டைக்காரர். உத்திரமேரூர் பத்திர ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேசை போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். மகளைத் தர அவருக்குச் சம்மதம்தான். ஆனால் ஐயர், மந்திரம், ஓமப்புகை எதுவும் கூடாது. என் அம்மாவோ, "ஐயரு இல்லாம தாலி கட்டறதுன்னா நீயே போய்க் கட்டிக்கினு வா, நான் வரமாட்டேன்" என்று காவாந்தண்டலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா இல்லாமல் என்னை வளர்த்தவள். அவளும் வராமல் என்ன கல்யாணம்?

"சாமி கீதுன்னு நிரூபிச்சா, நானே போய் ஐயர இட்டாறேன்" என்று மாமா சொல்லியனுப்பினார்.

நான் எட்டாவது வரை படித்தவன். அந்தத் தைரியத்தில் கோயில் வாசலில் ஒரு தல புராணம் வாங்கினேன். பத்து நாள் படித்து, முக்கியமான பக்கங்களில் பழைய பஸ் டிக்கெட்டுகளைச் செருகிக்கொண்டு போனேன். சாமி முனிவருக்குக் காட்சி கொடுத்த இடத்தைச் சத்தமாக வாசித்தேன். மாமா கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"இத எழுதனது யாரு?"

"முனிவரு, மாமா."

"அவருக்குச் சொன்னது?"

"சாமி."

"அந்தச் சாமி கீதுன்னு சொல்றது?"

"புஸ்தகம்."

"எடத்த எழுதிக் குடுக்கறவனே சாட்சிக் கையெழுத்தும் போட்டா, ஆபீஸ்ல இன்னா பண்ணுவாங்க?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

"போய்ட்டு வா மாப்ள."

எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லித்தான் தோற்றேன். உட்கார்ந்தபடியே பஸ் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன்.

அப்போது தென்னேரி விவசாயி ஒருவர் தன் மனையைக் கடைத்தெரு பாய் ஒருவருக்கு விற்க வந்தார். மாமா முத்திரைத்தாளில் எழுத ஆரம்பித்ததும் விவசாயி எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, மேல புள்ளையார் சுழியக் காணோம்?"

"அது இல்லன்னாலும் பத்திரம் செல்லும்யா."

"உனுக்குச் செல்லும். எங்கூட்டுக்காரி கைநாட்டு வெக்கமாட்டா."

பாய் சமாதானமாகச் சொன்னார்: "போட்ருங்க. அப்படியே பக்கத்துல நம்ம எழுநூத்தி எண்பத்தாறும் போட்ருங்க. நாளைக்கு வில்லங்கம் வந்து பேஜாராவக் கூடாது, பாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவர் இரண்டையும் போட்டார். சுழி அவ்வளவு வடிவாக விழுந்தது. முதல் தடவை போடுகிற கை அப்படிப் போடாது.

அவர்கள் ஆபீசுக்குள் போனதும் மாமா பேனாவை மூடினார். "இன்னாடா சிரிக்கிற? அது சாமிக்குப் போட்டதில்ல. பார்ட்டிக்குப் போட்டது."

"நான் சிரிக்கல மாமா. எங்கம்மாவும் ஒரு பார்ட்டிதான?"

அவர் மேசையை ஒருமுறை துடைத்தார்; அதில் தூசியே இல்லை.

"உம் புஸ்தகம் எதையும் நிரூபிக்கல. தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"அப்ப சரி. ஐயர நீயே இட்டுக்கினு வா. நான் போமாட்டேன்."

வீட்டுக்கு வந்து, மாமா ஒத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கையிலிருந்த புராணத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் நாற்று நட வந்த பெண்களிடமெல்லாம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெண்டு பக்கந்தான் படிச்சானாம் எம் புள்ள. கறுப்புச் சட்ட அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுட்டானாம்!"

அது பொய்யென்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பார்ட்டிக்காகத்தான் மாமா ஒத்துக்கொண்டார் என்று சொன்னால் அவள் கல்யாணத்துக்கு வருவாளா என்று யோசித்தேன். வரப்பில் நின்றபடி, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.