அக்காவும் டைல்ஸ் வண்டியின் பிரேக்கும்

என் அக்கா எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் நான் அந்த டைல்ஸ் வண்டியின் கதையைத்தான் சொல்வேன். அவள் பிரேக் வேலைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. எங்கள் ஷெட்டில் அவள் கைபடாத சக்கரம் குறைவு. இருந்தாலும் அந்த ஒரு வண்டியில்தான் அவளை முழுசாகப் பார்த்தேன்.

ஷெட் எங்கள் மூன்று பேருடையது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். நான் டிங்கர், பெயிண்ட். அக்கா முதலில் மாமாவுக்குத் துணி வெட்டிக் கொடுக்கத்தான் வந்தாள். எங்களிடம் இருந்த பிரேக் மெக்கானிக் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். கழற்றிய நாலு பிரேக் ஷூ மேஜையில் கிடந்தன, வண்டிக்காரர் வாசலில் நின்றார். "லைனிங்க ஷூவுல வச்சு ரிவிட் அடிக்கணும், அவ்ளோதானே? மாமாவோட சீட் கவருக்கு பட்டன் அடிச்சவளுக்கு இது தெரியாதா?" என்று உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தவள் பிறகு கத்தரிக்கோலைத் தொடவில்லை. எதைக் கழற்றினாலும் நூறு கேள்வி கேட்பாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்காரி. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

டைல்ஸ் கடை முதலாளி ஒரு காலை நேரத்தில் தன் பிக்கப்போடு வந்தார். ஓட்டி வந்த டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டையை பேண்டுக்குள் விட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். முதலாளி இறங்கியதுமே சத்தமாக ஆரம்பித்தார்.

"இந்த வண்டியில முன் பிரேக் பேடு ரெண்டு வருஷம் வந்துக்கிட்டிருந்துச்சும்மா. இவர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாசத்துல நாலாவது செட்டு! மூணு ஒர்க் ஷாப்புல காட்டியாச்சு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, டிரைவர் பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறாருன்னு."

டிரைவர் வண்டியின் டயரைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" என்றாள் அக்கா.

"இருபத்தாறு வருஷம்மா. பஸ்ஸுதான். ஒரு ஆளைக்கூட சீட்டிலருந்து தள்ளினதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப எனக்கே சந்தேகமாயிடுச்சு. ஒரு மாசமா செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஓட்டுறேன். கால் தன்னால பெடல்ல போகுதான்னு தெரியணும்ல."

அப்போதுதான் நான் அவர் காலைப் பார்த்தேன். படிய வாரிய தலைக்குக் கீழே, மடிப்புக் கலையாத பேண்டுக்குக் கீழே, வெறுங்கால். அக்காவும் பார்த்தாள்.

முன்சக்கரங்களைக் கழற்றினாள். ஒரு பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஒரு பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ காரணம் சுலபம். பேடை அழுத்தும் பாகம் அந்தப் பக்கத்தில் இறுகிப்போயிருக்கும். ஆனால் இடது, வலது, உள்ளே, வெளியே என்று நாலு பேடும் ஒட்டிப் பிறந்தது போல ஒரே அளவு தேய்ந்திருந்தன. பெடலில் 'பிளே', அதாவது தளர்வு, துளிகூட இல்லை என்று கண்டு, அதனால்தான் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்து, அதைச் சரிசெய்து, புதுப் பேடு போட்டு அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அளந்து பார்த்தாள். தேய்மானம் பழைய வேகத்திலேயே இருந்தது.

முதலாளியிடம் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நானாக இருந்தால் பேடு கம்பெனியின் தலையில் போட்டிருப்பேன். அக்கா நேராகச் சொன்னாள்: "நான் நினைச்சது தப்பு சார். வண்டி இன்னைக்கு முழுக்க இங்கயே இருக்கட்டும்."

"எத்தனை தடவைதான் பாப்பீங்க? ஆளை மாத்தினா முடிஞ்சுபோற விஷயம்" என்றார் முதலாளி.

"ஆளை மாத்தி, அதுக்கப்புறமும் தேஞ்சா யாரை மாத்துவீங்க?"

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இந்தத் தடவை முன்பக்கம் போகவே இல்லை. பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினாள். உள்ளே தேய வேண்டிய லைனிங் கனமாக, புதுசு போல இருந்தது. பிரேக் தூசிகூட அதிகம் இல்லை. டிரம்மின் உட்புறத்தில் மெல்லிய துரு படர்ந்திருந்தது.

"இதை எப்ப மாத்தினீங்க?"

முதலாளிக்குப் பெருமை. "அதை மாத்தவே வேண்டியதில்லம்மா. எல்லா ஒர்க் ஷாப்பிலயும் பின்னாடி ஏ ஒன்னுன்னுதான் சொன்னாங்க."

அக்கா எழுந்து நின்றாள். "வேலைக்கே போகாதவன் சட்டை எப்படி சார் கிழியும்?"

மாமா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

அக்கா வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தாள். கால் மணி நேரம் ஆள் வெளியே வரவில்லை. பிறகு உள்ளிருந்தே குரல் வந்தது. "அண்ணே, பின்னாடி ஸ்பிரிங் பட்டையில ரெண்டு பட்டை மட்டும் புதுசா இருக்கே?"

"நான் சேர்றதுக்கு முந்தின வாரம் போட்டதா சொன்னாங்கம்மா" என்றார் டிரைவர்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் முதலாளி. "பெரிய டைல்ஸ் ஏத்த ஆரம்பிச்சோம். வண்டி பின்னாடி உட்கார்ந்துபோச்சு. ரெண்டு பட்டை சேர்த்ததும் கல்லு மாதிரி நிக்குது."

"அதான் சார். கல்லு மாதிரி நிக்குது, அதுதான் வினை."

வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து அவரைக் குனியச் சொல்லிக் காட்டினாள். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து ஒரு கம்பி பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸிலுக்குப் போகிறது. பாரம் ஏறினால் வண்டி தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக ஆயிலை விடும். காலியாக இருந்தால் பின்சக்கரம் வழுக்கக்கூடாது என்று குறைத்து விடும். கூடுதல் பட்டை போட்ட பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழவில்லை.

"தலை நிறைய மூட்டை இருக்கு, வால்வுக்கு மட்டும் எப்பவும் காலி வண்டி. பின் பிரேக்கு சும்மா பேருக்குப் பிடிக்குது. மொத்தப் பாரத்தையும் முன்னாடி நாலு பேடுதான் நிறுத்துது. தேயாம என்ன செய்யும்?"

முதலாளி முழுசாக நம்பவில்லை. மூன்று ஒர்க் ஷாப் சொல்லாததை ஒரு பொம்பளை சொல்கிறாளே என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா வாதாடவில்லை. டிரம்மை மாட்டி, அன்றைய லோடை ஏற்றிவரச் சொன்னாள். டிரைவர் ஓட்ட, அக்கா நடுவில், முதலாளி ஜன்னலோரம். ஷெட்டுக்குப் பக்கத்துப் பாலத்துச் சரிவில் பத்துத் தடவை இறங்கி நிறுத்தி நிறுத்தி வந்தார்கள். ஷெட்டில் நின்றதும் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்ப்பது போல விரல் நுனியால் முன்சக்கரத்தின் நடுவில் ரெண்டு சொட்டு தெளித்தாள். சுர்ரென்று சத்தம் வந்தது. பின்சக்கரத்து டிரம்மில் தெளித்தாள். சொட்டு அப்படியே வழிந்து கீழே விழுந்தது. முதலாளியைப் பார்த்து, "தொட்டுப் பாருங்க சார்" என்றாள்.

அவர் பயந்து பயந்து விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையையே வைத்தார். அது வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

 பின்பு முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். அவர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழகாதவர். மன்னிப்பையும் தெருவுக்கே கேட்கும்படிதான் கேட்டார். "தப்பு என்னுதுங்க. உங்களைப் போய் இத்தனை மாசமா..."

"பரவால்லீங்க" என்றார் டிரைவர்.  கேபினுக்குள் போய், சீட்டுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சேர்த்த பட்டைகளைக் கழற்றச் சொன்னாள் அக்கா. முதலாளி இழுத்தார், கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் போதாதா என்றார். "வண்டிக்கு எவ்வளவு எழுதியிருக்கோ அவ்வளவுதான் ஏத்தணும். அதுக்கு மேலன்னா ரெண்டு நடை அடிங்க. இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்" என்று ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் பட்டை கழன்றது. வால்வுக் கம்பியை அளவு பார்த்துப் பூட்டினாள். மறுபடி பாலத்துக்குப் போய் வந்தபோது பின்சக்கரத்திலும் சொட்டு சுர்ரென்றது. மாமா மெஷினிலிருந்து எழுந்து வந்து தானும் ஒரு தடவை தெளித்துப் பார்த்தார். அவருக்கு பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அன்று முழுக்க வந்த போன வாடிக்கையாளருக்கெல்லாம், "பின்னாடி வேலை செய்யலைன்னு எங்க வீட்டம்மாதான் கண்டுபிடிச்சா" என்று, என்ன ஏதென்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து அந்த வண்டி ஹாரன் வேலைக்கு வந்தது. அக்கா யாரும் கேட்காமலே முன்சக்கரத்தைக் கழற்றி அளந்தாள். பேடு பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

அன்று டிரைவர் தன் மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா ஷெட்டுக்குள் தயங்கித் தயங்கி வந்து, "எந்தம்மா?" என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். கிரீஸ் படிந்த கையை எங்கே துடைப்பது என்று அக்கா துணி தேடிக்கொண்டிருக்க, அந்த அம்மா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"என்னால ஓட்ட முடியல போலருக்கு, வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டே இருந்தாரும்மா. வேலையை விட்டுடறேன்னு லெட்டரே எழுதி வச்சிருந்தாரு."

 "அண்ணன் நல்லா ஓட்டுறாரும்மா. பாலத்துல பத்துத் தடவை நிறுத்தினாரு, ஒரு தடவைகூட என் தலை முன்னாடி சாயல" என்றாள் அக்கா.

டிரைவர் வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்; கூடப் பிறந்தவன் அல்லவா!