பாலிதீன் சுற்றிய கைகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு பேஸ்டிங் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வரும் தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, மடித்து ஒட்டி, தையலுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனியில் கையுறை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் மடிப்பு சரியாக விழாது என்று ஓரமாக வைத்துவிடுவேன். விரலில் காய்ந்த பசையைத் தின்னரால் துடைத்துவிட்டு மறுபடியும் வேலையில் உட்கார்ந்துவிடுவேன். என் கைக்கெல்லாம் ஒன்றும் வராது என்று அத்தனை திமிர்.

போன மழைக்காலத்தில் அந்தத் திமிர் அடங்கியது. விரலிடுக்கில் அரிப்பு வந்தது, பிறகு சிவந்து வீங்கி, கொப்புளம் கட்டி, வெடித்துச் சீழ் பிடித்தது. தலை பின்னக்கூட முடியவில்லை. சூப்பர்வைசர் என் கையைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். "கைய சரி பண்ணிட்டு வாம்மா. அதுவரைக்கும் உன் எடத்துல வேற பொண்ண ஒக்கார வைக்கிறேன். ஆனா ஜாஸ்தி நாள் தாங்காது" என்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்து உட்கார்ந்த டேபிள் அது. அது போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலூரில் தோல் டாக்டரம்மா என் கைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "புண்ணுல இருக்கற கிருமிக்கு ஒரு மருந்து, வீக்கத்துக்கும் அரிப்புக்கும் ஸ்டீராய்டு, ரெண்டும் இதுல இருக்கு. காலைலயும் சாயங்காலமும் மெலிசா தடவுங்க. ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க. நீங்களா தொடர்ந்து போடக் கூடாது" என்றார். கடையில் வாங்கிப் பார்த்தால் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ட்யூப். இத்துனூண்டா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டு கையிலும் புண் என்பதால் வீட்டுக்காரர்தான் தடவிவிட வேண்டியிருந்தது. அவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்பவர். அங்கே தோலுக்கு எண்ணெய் விடுவதென்றால் தாராளமாக விட்டு உள்ளே இறக்குவார்கள். ஈரத்தோலை அடுக்கி, காயாமல் இருக்க மேலே பாலிதீன் போட்டு மூடுவார்கள். அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். களிம்பை அள்ளி வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். பிறகு மளிகைக்கடைப் பையை மாட்டி மணிக்கட்டில் நூலால் கட்டினார்.

"மெலிசான்னு சொன்னாங்கய்யா."

"அவங்க சொல்வாங்க. உள்ள எறங்க வேணாமா? கம்முனு இரு."

"பரோட்டா பார்சல் மாதிரி ஆக்கிட்டியே என் கைய."

சிரித்துக்கொண்டே எனக்குச் சோறு ஊட்டினார்.

நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றது. வீக்கம் வடிந்து, சீழ் காய்ந்து, பல நாளைக்குப் பிறகு முஷ்டியை மடக்கினேன். அந்தச் சின்ன ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் போட்டால் கை புதுசாகிவிடும் என்று தோன்றியது. டாக்டரிடம் போகவில்லை. மெடிக்கலில் அதே ட்யூபை மறுபடியும் மறுபடியும் வாங்கினோம்.

ஒரு நாள் காலையில் களிம்பு தடவும்போது அவர் என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். டேனரியில் கனம் பார்க்க அப்படித்தான் பிடிப்பார்கள். பிடித்தவர் விடவில்லை.

"இன்னாய்யா?"

"கம்மியாயிடுச்சுமே. மெலிஞ்சுபோச்சு."

பார்த்தேன். தோல் பளபளவென்று இருந்தது, அடியில் நரம்பெல்லாம் நீலமாகத் தெரிந்தது. என் கட்டைவிரலை வாசல் வெளிச்சத்தில் திருப்பினார். புண் உரிந்து உரிந்து ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது. மேல்பக்கம் தேய்ந்துபோன தோலுக்கு டேனரியில் தகடு வைத்து அழுத்திப் பொய்க்கோடு போடுவார்கள். தோலில் போன கோடு திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. "நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் வேலைக்கே போகவில்லை.

டாக்டரம்மா பாலிதீன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூடிக் கட்டினா மருந்து பல மடங்கு உள்ள போவும். ஸ்டீராய்டு அளவு மீறினா தோல் மெலியும். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க" என்று திட்டிவிட்டு, ட்யூபை நிறுத்தச் சொன்னார். கை வறளாமல் இருக்க வாசனையில்லாத சாதாரணக் களிம்பு ஒன்று கொடுத்தார்.

"ரேகை வருமாம்மா?" என்று கேட்டவர் என் வீட்டுக்காரர்.

"வரும். அதுக்கு அச்சு உள்ள இருக்கு."

"அதேவா?"

"அதேதான்."

அவர் நம்பவில்லை. நானும்தான். ஆனால் தினமும் காலையில் என் கையை வாசலுக்கு இழுத்துப்போய்ப் பார்ப்பார். புறங்கை மெதுவாகக் கனத்தது. விரல் நுனியில் முதலில் மங்கலாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகள் எழும்பின. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா விட்டோம், அவ்வளவுதான். "இத்தன வருஷமா தோலோடவே இருக்கேன். அது தானா வேலை செய்யறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அவர் குரல் கோயிலில் பேசுவது போல் தணிந்திருந்தது.

கம்பெனிக்குப் போன அன்று சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். என் கையைப் பார்த்துத் தலையாட்டினார். "வேலைக்கு எடுத்துக்கிறேன். மொதல்ல ரேகை மிஷின்ல பஞ்ச் வை. உன் கைய மிஷின் ஒத்துக்கலன்னா ஆபீஸ்ல போய்க் கேக்கணும், அவங்க உன்ன புது ஆளாத்தான் சேப்பாங்க" என்றார். கட்டைவிரலை வைத்தேன்.

மிஷின் ஒரு பெண் குரலில் தேங்க் யூ சொன்னது. திரையில் பெயருக்குப் பக்கத்தில், முதன்முதலில் பதிவு செய்தபோது எடுத்த என் போட்டோ வந்தது. ஒல்லியாக, கறுப்பு முடியோடு, காதில் பிளாஸ்டிக் கம்மல் போட்ட பெண். இன்றைக்கு அந்த முகத்தைத் தெருவில் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியாது. என் விரல் அவளுடையதுதான் என்று மிஷின் சொல்லிவிட்டது.

"இன்னாக்கா நிக்கற, பெல் அடிக்கப் போவுது" என்றாள் பின்னால் நின்றவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.