எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவில் ஒரு கால்வாய்

முகவரி கொடுப்பது கடவுளுக்கு அடுத்தபடியான வேலை என்று நான் சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், காலில் சேறு. ஒரு வீட்டின் முன் நின்று திரையைத் தொட்டால் போதும், எங்கோ மேலே சுற்றும் செயற்கைக்கோள் அந்த வாசலைப் பார்த்துத் தலையாட்டும். வீட்டுக்கு ஓர் எண் பிறக்கும், எண்ணோடு ஒரு குறியீடும் பிறக்கும். கூரியர்காரர், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாரும் இனி அந்தக் குறியீட்டை வைத்தே வருவார்கள். சாலை, தண்ணீர்க் குழாய், மின்கம்பம் போல முகவரியும் நாடு போட்டுக் கொடுக்க வேண்டிய ஒன்று என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எனக்கு அது அப்படியே தலைக்கேறிவிட்டது. தெப்ராவில் எங்கள் வீட்டுப் பக்கம் மீ கோரெங் நூடுல்ஸ் விற்பவரிடம்கூட அதைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முட்டை போடவா வேண்டாமா என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் தனிப் பொறுப்பு லாயாங் லாயாங்கிலிருந்து செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் போகும் சாலையில் இருந்த ஒரு குடியிருப்பு. இருபத்திரண்டு கூரைகள். முன் வரிசை சாலையோரம், பின் வரிசை உள்ளே, நடுவில் ஒரு கால்வாய். நடப்பவர்களுக்குக் கால்வாய்மேல் ஒரு மரப்பாலம் உண்டு. வண்டி என்றால் செம்பனையைச் சுற்றிக்கொண்டு மண்பாதையில் வர வேண்டும். முன்பு தோட்டமாக இருந்து, தோட்டம் கைமாறி, வீடுகள் மட்டும் நின்றுவிட்ட இடம். எல்லாருடைய அடையாள அட்டையிலும் ஒரே முகவரிதான், அந்தத் தோட்டத்து ஆபீஸ். அந்த ஆபீஸையோ இடித்துப் பல வருடமாகிறது.

ஆனால் அவர்களுக்குள் முகவரிக்குக் குறைச்சலே இல்லை. "மாட்டுக் கொட்டாய்க்கு எதுத்த வீடு" என்றார் ஒருவர். மாட்டுக் கொட்டகை எங்கே என்று கேட்டேன். "அது இப்ப இல்லல்லா" என்றார். இல்லாத கொட்டகைக்கு எதிரே இருக்கும் வீட்டை நான் எந்தச் செயற்கைக்கோளிடம் காட்டுவேன்?

அங்கே என்னைவிட அதிகமாக அந்த எண்களுக்குக் காத்திருந்தவள் ஒருத்தி இருந்தாள். பின் வரிசையில் எட்டாவது வீடு. முப்பது வயதிருக்கும், நிறைமாதம். கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீடு. மூன்று வருடத்துக்கு முன் மூத்த மகள் பிறந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். செம்பனைக்குள் தேடித் தேடி வண்டிக்கு வழி கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் லாரியில், பாதி வழியில், தார்ப்பாய்மேல் பிள்ளை பிறந்தது.

"சைரன் சத்தம் கேக்குதுக்கா. அந்தப் பக்கம் போவுது, இந்தப் பக்கம் வருது. என் வாசலுக்கு மட்டும் வரல," என்றாள். "இந்த வாட்டியாச்சும் வரணும். வந்துரும்ல?"

"ஒன் வாசல்லயே வந்து நிக்கும்" என்றேன். அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பின் வரிசைக்கு ஒன்று முதல் பதினொன்று வரை, முன் வரிசைக்குப் பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரை என்று எண் போட்டேன். வீட்டுமனைக் கம்பெனிகள் நாலுக்குப் பதில் மூன்று ஏ, பதிமூன்றுக்குப் பதில் பன்னிரண்டு ஏ என்று எழுதி எல்லாரையும் சமாளிப்பதுண்டு. எங்கள் முறையில் அந்தச் சலுகை இல்லை, எண் என்றால் எண். நீலப் பலகைகள் வந்து சேர்ந்தன. பெரிய எழுத்தில் எண், அதன் கீழே குறியீடு. ஒரே நாளில் இருபத்திரண்டையும் நானே நின்று திருகாணி போட்டு மாட்ட வைத்தேன். எட்டாம் எண் வீட்டில் அவள் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் மைலோவைப் பார்த்தேனே தவிர, அவள் அந்த எட்டைப் பார்த்த பார்வையைக் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மலாய்க்காரர், மெலிந்தவர், காலில் வெள்ளைச் சப்பாத்து. இந்த இடம் சரியாக வந்திருந்தால் மாநிலம் முழுக்க இதே மாதிரி செய்யலாம் என்று சொல்லியிருந்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. முதல்நாள் இரவு பெய்த மழையில் மண்பாதை களியாகிக் கிடந்ததால், காரை முன் வரிசையில் விட்டுவிட்டு மரப்பாலம் வழியாக அவரை நேராக அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இந்த அம்மாவுக்காகத்தான் இந்தத் திட்டமே என்கிற மாதிரி அறிமுகம் செய்தேன். அவளும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் அப்படியே குனிந்தாள்.

"அக்கா," என்றாள். "தண்ணி ஒடஞ்சிருச்சு."

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நொடியில் பயம் வந்தது. இரண்டாவது நொடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் வந்தது. தலைநகரத்து அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்? கைப்பேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினேன். கதவின்மேல் இருந்த குறியீட்டை ஒவ்வொரு எழுத்தாக, வானொலியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி வாசித்தேன். மறுமுனையில் இருந்தவர், இடம் தெரிந்துவிட்டது, வண்டி பக்கத்தில்தான் இருக்கிறது என்றார். நான் அதிகாரியைப் பார்த்து ஒரு புன்னகை விட்டேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

சைரன் சத்தம் கேட்டது. சாலையில் வந்தது. நெருங்கியது. நின்றது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றது.

"அந்தப் பக்கம் போவுதுக்கா" என்றாள் அவள். மூன்று வருடத்துக்கு முன் சொன்ன அதே குரலாகத்தான் இருந்திருக்கும்.

அப்போதுதான் பலகையை முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை எழுத்துகளை வாசித்தேனே ஒழிய எண்ணைப் பார்க்கவில்லை. ஏழாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் நடுவில், நீலப் பலகையில், பளபளவென்று பதினாலு.

"மாதாவே! இது யாரு வேல?" என்று கத்தினேன்.

"நான்தாங்க்கா," என்றாள், வலியில் பல்லைக் கடித்தபடி. "எட்டு சனியோட நம்பருக்கா. பச்சப்புள்ள வர்ற நேரத்துல வாசல்ல சனிய எழுதி மாட்டுனா எப்புடி? எங்க வீட்டுக்காரரு தூங்கவே இல்ல, சிங்கப்பூர்லேர்ந்து மெசேஜா போடுறாரு. தவுக்கேகிட்ட சொன்னேன். அவரு சந்தோசமா மாத்திக்கிட்டாரு."

தவுக்கே என்றால் முன் வரிசையில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீனர். அவர் கடைக்கு நான் கொடுத்த எண் பதினாலு. சீனர்கள் வாயில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை, அதிலும் பதினாலு கேட்கவே வேண்டாம். எட்டோ செல்வம் கொழிக்கிற எண். நம் ஆட்களுக்கோ எட்டு ஆகாது, பதினாலைக் கூட்டினால் ஐந்து, நல்ல எண். இருவரும் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு மரப்பாலத்தின் நடுவில் சந்தித்துப் பலகைகளை மாற்றிக்கொண்டு, இரண்டு பேருமே லாபம் என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். குறியீடும் பலகையோடு போகும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் விளக்கம் கொடுத்தேன், அதை மட்டும் சொல்லவில்லை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் தவுக்கேயின் குரல் கேட்டது. பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கடை வாசலில் நின்று ஆம்புலன்ஸ்காரர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். "யாருக்கு பிள்ள? எனக்கா? எனக்கு அறுவத்தஞ்சு வயசு லா!" பிறகு அவருக்கே விஷயம் புரிந்து தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! நம்பர்!"

வண்டி சுற்றி வந்தால் களியில் புதைந்துவிடும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தூக்குப் படுக்கை மரப்பாலத்தைவிட அகலம். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"நானே நடந்து வர்றேங்க்கா. வண்டி வந்துருச்சுல்ல, அது நிக்குதுல்ல?"

நடந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் பாலம் தாண்டி ஓடி வந்த மருத்துவ உதவியாளர், பின்னால் குடை பிடித்துக்கொண்டு தலைநகரத்து அதிகாரி. மழையே இல்லை, அவர் ஏன் குடை பிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. பாலத்தின் நடுவில் ஒரு வலி வந்தது. நின்று கணவரை வாய் நிறையத் திட்டினாள், சனியைத் திட்டினாள், என் எண்களைத் திட்டினாள், மறுபடி நடந்தாள். வாசல்களில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

ஆம்புலன்ஸின் படியில் அவளால் ஏற முடியவில்லை. நேரம் இல்லை, இங்கேயே என்றார் உதவியாளர். தவுக்கே வெங்காய மூட்டைகளை இரண்டே இழுப்பில் ஓரம் தள்ளினார். படுக்கை கடைக்குள் வந்தது. அரிசி மூட்டைகளுக்கும் மீன் டின்களுக்கும் நடுவில், கல்லா மேசைக்குப் பின்னால் ஒரு போர்வையை மறைப்பாகக் கட்டினோம். அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, பதற்றத்தில் சோயா சாஸ் போத்தல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன். தவுக்கே தன் கடைச் சாமிக்கு ஊதுவத்தி கொளுத்தினார். போர்வைக்குப் பின்னாலிருந்து "முருகா" என்று ஒரு கத்தல். அதன் மேலே, அதைவிடக் கூர்மையாக, இன்னொரு கத்தல்.

பெண் குழந்தை.

நான் வாசலுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கினேன். தலையை உயர்த்தினால் கடைக்கதவின்மேல், இரண்டு வாரத்துக்கு முன் நான் அவளுக்குக் கொடுத்த அந்த எட்டு, சிவப்பு நாடா கட்டி மாட்டப்பட்டிருந்தது. எட்டு வேண்டாம் என்று அவள் கால்வாய் தாண்டித் தள்ளிவிட்டாள். பிள்ளையோ கால்வாய் தாண்டி வந்து அதன் கீழேதான் பிறந்திருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தவுக்கே வெளியே வந்து பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓங்! அதிர்ஷ்டம் லா தங்கச்சி! எட்டுல பாப்பா!" என்று கைகளைத் தட்டினார். அன்று கடைக்கு வந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு சோயா பால் பெட்டி.

ஆம்புலன்ஸ் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு குளுவாங் ஆஸ்பத்திரிப் பக்கம் போனபின் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். மொத்தம் ஆறு பலகைகள் இடம் மாறியிருந்தன. இந்து வீடுகள் எட்டையும் பதினேழையும் தள்ளியிருந்தன. எங்களைப் போன்ற ஒரு வேதக்கார வீடு, வாசலில் செபமாலை தொங்குகிற வீடு, பதிமூன்றை ஒரு லாரி ஓட்டுநர் தலையில் கட்டியிருந்தது. அவருக்கு எல்லா நம்பரும் ஒன்றுதானாம். நான் கோபப்பட்டுத் திருப்புளி கேட்டேன். அப்புறம் எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கார் வாங்கியபோது எண்ணைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்து வாங்கியவள்.

அதிகாரி வெள்ளைச் சப்பாத்திலிருந்து களியைச் சுரண்டிக்கொண்டே மலாயில் சொன்னார்: "பலகையைத் திருப்பி மாட்டினால் இவர்கள் நாளைக்கே மறுபடி மாற்றுவார்கள். பலகைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பதிவை மாற்று."

அன்றைக்கே கல்லா மேசையில் உட்கார்ந்து மாற்றினேன். பின் வரிசையில் இனி ஏழு, பதினாலு, ஒன்பது. காரணம் எழுதும் கட்டத்தில் "குடியிருப்போர் மனமொத்து மாற்றிக்கொண்டனர்" என்று எழுதினேன். எழுதி முடித்தபின் அதே அவசர எண்ணுக்குப் பேசி ஒவ்வொரு குறியீட்டையும் சரிபார்க்கச் சொன்னேன். இந்தத் தடவை எண்ணையும் பார்த்துத்தான் வாசித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பாலத்தில் புது மரப்பலகைகள் போட்டு அகலமாக்கியிருந்தார்கள். பதினாலாம் எண் வீட்டில் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் பீரோவிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். என்னுடைய சான்றிதழில் பிறந்த இடம் என்கிற வரியில் பாலோ ஊரில் ஒரு தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். எந்த வீடு, எந்த லயத்து வரிசை என்று என் அம்மாவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. இந்தப் பெண்ணுக்கோ தெருவும் எண்ணும் தெளிவாக இருந்தன. பெற்றோர் முகவரி பதினாலு. பிறந்த இடம் எட்டு.

எனக்குக் குற்ற உணர்ச்சி. "பதிவ நான் அன்னிக்கே மாத்துனதாலதாம்மா எட்டுன்னு விழுந்துருச்சு. ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருந்தா கடைக்குப் பழைய பதினாலே வந்திருக்கும். ஒனக்கு எட்டு ஆகாதே" என்றேன்.

"நான்தாங்க்கா எட்டுன்னு எழுதச் சொன்னேன். அவங்க எஸ்டேட் பேரு மட்டும் போதும்னாங்க. நான் விடல, நம்பரையும் போடுங்கன்னேன்."

"ஏம்மா?"

அவள் சான்றிதழை வாங்கி, மடிப்பு விழாமல் உறைக்குள் வைத்தாள்.

"மூத்தவளுக்கு சைரன் சுத்தி சுத்திப் போச்சு. இவளுக்கு அந்த வாசல்ல வந்து நின்னுச்சு. நின்ன வாசல எப்புடிக்கா எழுதாம விடுறது?"