பக்கத்துக் காணியில் ஓடிய கார்

போன வருடம், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள். வேலை மாற்றலாகி, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வாடகைக்கு இருந்தேன். கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

கனடாவில் இருக்கும் மச்சான், ஊருக்கு வந்தவர்களிடம் ஒரு பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே ரிமோட்டில் ஓடும் கார். கடையில் தொங்கும் விளையாட்டுச் சாமான் இல்லை, மோட்டார் சைக்கிளைத் துரத்திப் பிடிக்கக்கூடிய வேகம் அதற்கு. நாற்பது வயது தாண்டியவருக்கு இது தேவைதானா என்று யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி போனில் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பற்றரியைச் சீமெந்துத் தரையில் வைத்து, பக்கத்திலேயே குந்தியிருந்து சார்ஜ் ஏற்றினேன். முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், பிறகுதான் காரை, நிறுத்தும்போது மறுவளமாக. பழகும்வரை பாதி வேகத்துக்குமேல் போகாதபடி ஒரு பூட்டும் இருந்தது. பக்கத்துக் காணி வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துடையது. முன்பாதி வெறும் வெட்டைவெளி, பின்பாதி முழுக்கப் பற்றை. வெட்டையில் கம்புகள் நட்டு, கயிறு கட்டி, வளைத்து வளைத்து ஓட்டிப் பழகினேன். மச்சானுக்கு வீடியோ அனுப்புவதற்காகப் பழைய போன் ஒன்றையும் காரின் தலையில் கட்டியிருந்தேன்.

அப்போதுதான் அந்த அக்காவைக் கவனித்தேன். பற்றைக்கு அப்பால் தனியாக இருப்பவர். நான் காரை வெளியே எடுத்தால் போதும், உடுப்புக் காயப்போடுவதுபோல வேலியடிக்கு வந்துவிடுவார். காய்ந்த உடுப்பையே திரும்பவும் காயப்போடுவார். ஒருநாள் வாய்விட்டே கேட்டார்.

"தம்பி, உதிலை கமரா பூட்டியிருக்கோ?"

சும்மா விளையாட்டுக்கு என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் காலை பார்த்தால் நான் நட்ட கம்புகள் ஒன்றுமில்லை. எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும், இவர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. என்ன மனுசி இவர் என்று யோசித்து, காரை அலுமாரியில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன்.

ஒரு பின்னேரம் எனக்குத் துணிவு கூடிவிட்டது. வேகப் பூட்டை எடுத்துவிட்டு விசையை அழுத்தினேன். கார் சீறிக்கொண்டு வெட்டையைத் தாண்டி, பற்றைக்குள் பாய்ந்து மறைந்தது. பிறகு சத்தமே இல்லை. பற்றை ஓரமெல்லாம் தேடியும் காணவில்லை. வேலிக்கு அப்பால் அக்கா நின்றார். கண்டீர்களா என்று கேட்டேன்.

"உம்மட காரை நான் காணேல்லை. உந்தப் பத்தைக்குள்ளை போகாதையும், பாம்பு கிடக்கும்."

சொன்ன விதத்திலேயே பொய் தெரிந்தது. எடுத்து ஒளித்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். அன்றிரவு முழுக்க அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

விடிந்ததும் பற்றைக்குள் இறங்கினேன். சில்லுத் தடம் வளைந்து போய், காய்ந்த பனையோலைக் குவியல் ஒன்றில் முடிந்தது. இதற்குள்தான் ஒளித்திருக்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று காலைத் தூக்கினேன்.

"நில்லும். கால் வையாதையும். அது கிணறு."

அக்கா, கையில் கயிறும் கொக்கியுமாக வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். என் சேட்டுக் கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, ஓலையை விலக்கினார். கட்டு எப்போதோ இடிந்துபோன கிணறு. தெளிந்த தண்ணீருக்கு அடியில் என் காரின் சிவப்புக் கூரை தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. உள்ளே கிடந்து கத்தினாலும் கேட்க ஆளில்லை. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர் ஊறும் கிணறு அது ஒன்றுதானாம். அதில் தண்ணீர் அள்ள அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் காணியை விற்றால், வாங்குகிறவன் மதில் கட்டி வழியை அடைத்துவிடுவான் என்ற பயத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறார். கம்பும் கயிறும் கமராவுமாக நான் வந்ததும் காணி அளக்க வந்தவன் என்றே நினைத்திருக்கிறார். கம்புகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். கார் விழுந்ததைக் கண்டவர், ஓலையைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு, விடிய எடுத்து என் படலையடியில் வைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறார்.

நான் காணி அளக்க வந்தவன் இல்லை அக்கா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அளக்க வந்த ஆள் எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். அதுக்காக விழ விடேலுமே?"

பற்றரி ஊறிய தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று அன்று முழுக்க இருவருமாகக் கிணறு இறைத்தோம். தண்ணீர் இறைக்கிற மோட்டர் வாடகைக்குப் பிடிப்போம் என்றேன். சத்தம் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். கார் அதன்பிறகு ஓடவே இல்லை.

என்னை நம்பிய பிறகு அவர் கத்தித் தடுத்திருந்தால் அது வெறும் உதவிதான். தன் தண்ணீரைப் பறிக்க வந்தவன் என்று நினைத்தபடியே, தன் ரகசியத்தையும் விட்டுக்கொடுத்து என்னைத் தடுத்தார். அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் வாய் திறந்திருப்பேனா என்ற கேள்விக்கு இன்னும் என்னால் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை.