செம்யோனின் மான்தோல் பூட்ஸ்

முப்பத்தொரு வருடம் அகுலினாதான் தினமும் காலையில் புருஷனுக்கு உடுத்திவிட்டு அனுப்பினாள். செம்யோன் உறைந்த ஆற்றின்மேல் லாரி ஓட்டுகிறவன். உள்பனியன் பின்னால் ஏறியிருந்தாலோ காலுறையில் ஒரு மடிப்பு விழுந்தாலோ குளிர் ஏறி, சாயங்காலத்துக்குள் விரல் போய்விடும். கையுறை மாட்டியபின் அவனால் எதையும் சரிசெய்ய முடியாது. ஆகவே அவள் கை அவன் உடம்பைச் சுற்றிவரும். பேச்சு இராது.

ஜனவரியில் ஒரு நாள் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான். அன்றும் அதே வரிசையில்தான் உடுத்திவிட்டாள். கோட்டும் சூட்டும் போதுமென்றாள் நாத்தனார் ஃபெவ்ரோனியா. அகுலினா பனிமான் கால்தோலில் தைத்த பூட்ஸை அவன் காலில் மாட்டினாள். அவனிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான்; வீட்டில் வேறு ஜோடி இல்லை. பழையதெல்லாம் அக்கரையில் நின்ற லாரியில் கிடந்தது. அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

குழி வெட்டுவது கொழுந்தன் மிகாயிலின் பொறுப்பு. மண் கல்லாக இறுகியிருந்தது. விறகை எரித்து, இளகியதைத் தோண்டி, மறுபடி எரிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. மூன்றாம் நாள் தேநீருக்கு வந்தவன் வாசலில் பனி போக இடது காலை உதறவில்லை. அகுலினா அதைப் பார்த்துவிட்டாள்.

"இடது கால் வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்ல அண்ணி. கால் இருக்கிறதே தெரியல."

அவனை உட்கார வைத்து அவளே கழற்றினாள். குழியிலிருந்த தணல் அவனுடைய கம்பளி பூட்ஸின் அடியைத் துளைத்திருந்தது. விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. பாதத்தைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். நிறம் திரும்பும்வரை அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, மேல்தோலோடு போயிற்று. ஆனால் இன்னும் இரண்டு முழம் பாக்கி, அடக்கம் மறுநாள். வெட்ட வேறு ஆளில்லை.

செம்யோனைக் கிடத்தியிருந்த சூடில்லாத உள்ளறைக்குப் போய் அகுலினா அவன் பூட்ஸைக் கழற்றினாள். ஃபெவ்ரோனியா கதவை மறித்தாள்.

"புருஷனை வெறுங்காலோட அனுப்பிட்டாளேன்னு ஊரே பேசும்."

"பேசட்டும். இவன் காலு போனா ஊரா வந்து நடக்கும்?"

மிகாயில் பூட்ஸைத் தொடவில்லை. "உயிரோட இருந்தப்பவே அண்ணன் இத எனக்கு ஒரு நாள்கூடக் குடுத்ததில்ல," என்றான். யாரும் சிரிக்கவில்லை. "வேணாம் அண்ணி. செத்தவரு போட்டது."

"அவரு குடுக்கல. நான் குடுக்கிறேன். காலை நீட்டு."

நீட்டினான். காய்ந்த காலுறை, அதன்மேல் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே வார். ரத்தம் ஓடட்டும் என்று தளர்வாகத்தான் கட்டினாள். அவன் எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஃபெவ்ரோனியா முணுமுணுத்தபடியே தன் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுத்துவந்து அண்ணனுக்கு மாட்டிவிட்டாள்.

பொழுது சாயும்போது மிகாயில் வந்தான். குழி முடிந்தது என்றான். வாசலிலேயே குனிந்து பூட்ஸின் வாரை அவிழ்க்கப் போனான்.

"விடு," என்றாள் அகுலினா. "நாளைக்கு நீ அவரைத் தூக்கிட்டுப் போகணுமில்ல."

அப்போதும் அழுகை வரவில்லை. அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்.