வெள்ளிக்கோடு போட்ட நார்த்தை இலைகள்

அழகாக இருப்பதெல்லாம் நல்லது என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது. சோப்பு வாங்கிவரச் சொன்னால்கூட உறையில் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன். அந்தப் புத்தியோடுதான் ஒரு நாள் அத்தையின் உபவாசத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த சமணக் குடும்பம் எங்களுடையது. நைனாவுக்கு மளிகைக் கடை. அவருடைய அக்காவான அத்தை எங்களோடேயே இருந்தார். எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறவர். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார், பிறகு அந்தத் துணியை அலசிய தண்ணீரைக் கிணற்றிலேயே திரும்ப விடுவார். துணியில் தங்கிய உயிர் வந்த இடத்துக்கே போய்ச் சேர வேண்டுமாம். இதற்காக ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் அழுததுகூட உண்டு.

அது சித்திரை மாதம். கோட்டை மலைப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை விடிகிற வரைக்கும் விடாமல் வைத்திருந்தன. அந்த வெயிலில் அத்தை இரண்டு நாள் உபவாசம் இருந்தார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் நாள் காலையில் எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நோன்பை முடிக்க அம்மா மோர் கரைத்தாள். நார்த்தை இலையைக் கிள்ளிப் போட்டால்தான் அத்தைக்கு மோர் இறங்கும்.

"தோட்டத்துல போயி நல்ல எலையா நாலு பறிச்சிட்டு வா" என்றாள் அம்மா.

நல்ல இலை என்றால் எனக்கு அழகான இலை. நார்த்தை மரத்தின் தளிர்கள் சிலவற்றில் மினுமினுவென்று ஒரு வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடியது. யாரோ மெனக்கெட்டுப் போட்ட கோலம் போல இருந்தது. கோடு இல்லாத இலைகளை ஒதுக்கிவிட்டு, கோடு போட்டவையாகத் தேடி ஐந்து பறித்தேன். நான்கை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்றைப் பாடப் புத்தகத்தில் வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதை அண்ணன் பிடுங்கினான். என்னைவிட மூன்று வயது பெரியவன், முப்பது வயது பெரியவன் மாதிரி நடந்துகொள்வான். இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தான். கோடு முடிகிற இடத்தில், இலையின் தோலுக்குள்ளேயே, மஞ்சளாக எள்ளை விடச் சின்னதாக ஒன்று அசைந்தது.

"புழு இருக்குது பாரு. நீ குடுத்த எல்லாத்துலயும் இருக்கும். அத்தை அந்த மோரைக் குடிச்சுட்டாங்கன்னா ரெண்டு நாள் நோன்பும் போச்சு. பாவம் உனக்குத்தான். அடுத்த பொறப்புல நீயும் எலைக்குள்ளதான்."

அடுத்த பிறப்பைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம், முதலில் அத்தை. தோட்டத்திலிருந்து ஓடினேன். கூடத்தில் அத்தை டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் ஒரு தட்டில் நான்கு இலைகளும் முழுசாக அப்படியே இருந்தன. எந்த இலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அவர் தொடமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

"இது ஆளு குடியிருக்கிற எலைம்மா. நம்ம போட்டுக்கக் கூடாது" என்றார்.

"அது செத்துடுமா அத்தை?"

அத்தை வாழைநாரைக் கிழித்து எடுத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி தோட்டத்துக்கு வந்தார். அண்ணன் என்னிடம் பிடுங்கியதையும் சேர்த்து ஐந்து இலைகளையும் ஒவ்வொன்றாகக் கிளையில் வைத்துக் கட்டினார். கொஞ்சமும் அவசரப்படவில்லை.

"வூட்டுக்குப் போயிட்டுது, போ" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. நோன்பும் கெடவில்லை, புழுவும் சாகவில்லை, அடுத்த பிறப்பும் தப்பித்தது. அண்ணனுக்கு முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தேன். அங்கே அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மோரக் கொழந்தைக்குக் குடு. எனக்கு இன்னிக்கும் நோன்புதான்."

"மூணாவது நாளா? தலை சுத்தி வுழுந்துடப் போறீங்க அண்ணி" என்றாள் அம்மா.

"ஒரு நாளுதானே."

அத்தைக்கு உபவாசம் என்றால் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் நான் எழுந்து ஓடிப் பார்த்தபோது கிளையில் இலையும் இல்லை, நாரும் இல்லை. பூச்சியாகிப் பறந்துவிட்டது என்றார் அத்தை. அதையும் நம்பினேன்.

இப்போது என் வீட்டு மாடியில் தொட்டியில் ஓர் எலுமிச்சைச் செடி இருக்கிறது. போன வருஷம் அதே வெள்ளிக்கோடு வந்தது. ஓர் இலையைப் பறித்து மேஜைமேல் வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் இலை சுருண்டு, உள்ளே இருந்தது அசைவதை நிறுத்திவிட்டது. பறித்த இலை கிளையில் ஒட்டாது என்பது, வாழ்நாளெல்லாம் இலைகளைத் தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த நாரெல்லாம் எனக்காகக் கட்டியது. அந்த மூன்றாம் நாள் பட்டினியும் நான் செய்ததற்காகத்தான்.

அன்றைக்கு அவருடைய மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டேன்.